‘எ ஹார்ட் நட் டு கிராக்’: பொருள் அறிந்து பிழையின்றிக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

கடினமான காரியங்களைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களில் ‘எ ஹார்ட் நட் டு கிராக்’ என்பதைப் பெரும்பாலான மாணவர்கள் பள்ளியிலேயே கேள்விப்பட்டிருப்பார்கள். ஆயினும் போட்டித் தேர்வு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியும், பிறர் செய்த மொழிபெயர்ப்புகளைத் திருத்தியும் வந்த காலத்தில், இதன் பொருளைச் சரியாகச் சொல்பவர்கள்கூட வாக்கியத்தில் வைக்கும்போது தடுக்கி விழுவதைத் தொடர்ந்து பார்த்தேன். ‘கடினமான பிரச்சினை’ என்று பொருளை மனப்பாடம் செய்துவிட்டு, கடினம் என்று தோன்றிய இடத்திலெல்லாம் இத்தொடரை ஒட்டவைப்பதுதான் அவர்கள் செய்த தவறு. முதலில் காட்சி, அடுத்துப் பொருளின் எல்லை, பிறகு வாக்கிய அமைப்பு, இறுதியில் தமிழாக்கம் என்ற வரிசையில் சென்றால் அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எடுத்துக்காட்டு வாக்கியங்களுடன் கூடிய, ஆங்கிலம் கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று வேண்டும். ஆங்கில–தமிழ் அகராதி இந்த வேலைக்குப் போதாது, ஏனெனில் அது பொருளைத் தரும், தொடர் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதைப் பெரும்பாலும் தராது. செய்தித்தாளிலிருந்து நீங்களே எடுத்தெழுதிய நான்கைந்து வாக்கியங்களும் வேண்டும். அவற்றை எழுதும்போது முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். தொடரை மட்டும் பிய்த்து எழுதிவைத்தால், பின்னால் வரும் பத்தாம் படியில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

1. பேச்சுத் தமிழில் ஏற்கெனவே குடியேறிய பொருள்களை ஒதுக்கிவையுங்கள்

இத்தொடரில் உள்ள மூன்று முக்கியச் சொற்களும் தமிழர் வாயில் தினமும் புழங்குபவை; தொல்லையும் அங்கிருந்துதான் வருகிறது. ‘நட்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது போல்ட்டில் முடுக்கும் இரும்பு நட்டு. ‘கிராக்’ என்றதும் சுவரில் விட்ட விரிசல், அல்லது ‘அவன் ஒரு கிராக்கு’ என்று நாம் சொல்லும் ஆள். ‘நட்டு கழண்டவன்’ என்ற வழக்கும் இருப்பதால், நட்டும் கிராக்கும் ஒரே தொடரில் வந்தால் பைத்தியம் பற்றிய பேச்சு என்று எண்ணிய மாணவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

‘ஹார்ட்’ இன்னொரு பள்ளம். ஹார்ட் அட்டாக்கில் வரும் ஹார்ட்டையும் ஹார்ட் டிஸ்க்கில் வரும் ஹார்ட்டையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். இங்கே இருப்பது இரண்டாவது. ஆங்கிலத்தில் எழுதும்போது இதன் கடைசி எழுத்து ‘டி’ ஒலியுடையது என்பதை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

2. காட்சியைக் கண்முன் நிறுத்துங்கள்

இங்கே ‘நட்’ என்பது கெட்டியான ஓட்டுக்குள் உண்ணத்தக்க பருப்பை வைத்திருக்கும் காய். ஆங்கிலேயருக்கு வால்நட், ஹேசல்நட் முதலியவை கண்முன் வரும். நமக்கு நெருக்கமான காட்சி வேண்டுமானால் நாட்டுப் பாதாம் மரத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வாசலில் விழுந்து காய்ந்து கிடக்கும் காயைக் கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் தட்டுவோம். பலமுறை தட்டினாலும் வழுக்கி ஓடும், ஓங்கி அடித்தால் பருப்பும் சேர்ந்து நசுங்கும், தட்டவேண்டிய இடம் பிடிபட்டால் ஒரே அடியில் பிளந்து உள்ளிருக்கும் சிறு பருப்பு முழுதாகக் கையில் விழும்.

‘கிராக்’ என்ற வினை குறிப்பது அந்தப் பிளப்பைத்தான். தேங்காய் உடைப்பதை இதற்கு உவமையாகக் கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் அது அருவாளால் ஒரு தட்டில் முடியும் வேலை. கடினம் என்ற உணர்வே அதில் வராது.

3. ஓடும் பருப்பும் இருக்கின்றனவா என்று சோதியுங்கள்

வழிகாட்டியின் மையப் படி இதுதான். நீங்கள் சொல்லவரும் காரியத்தில் மூன்று கூறுகள் உள்ளனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்: உள்ளே எட்டவேண்டிய ஒன்று இருக்க வேண்டும், அதை மூடிக்கொண்டு விடாப்பிடியாக நிற்கும் ஒரு தடை இருக்க வேண்டும், அந்தத் தடை வெறும் உழைப்பால் மட்டுமன்றி வழி பிடிபடுவதால் விலகுவதாக இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் தொடர் பொருந்தும்.

இரண்டு எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். கிரீட் தீவின் நொசோஸில் கிடைத்த ‘லீனியர் பி’ என்னும் எழுத்து பல பத்தாண்டுகள் அறிஞர்களுக்குப் பிடிகொடுக்காமல் இருந்தது. 1952ஆம் ஆண்டில் மைக்கேல் வென்ட்ரிஸ் அது கிரேக்க மொழியின் பழைய வடிவம் என்று கண்டு படித்துக்காட்டினார். சிந்துவெளி எழுத்தோ, ஐராவதம் மகாதேவன் 1977இல் அதன் குறியீடுகளைத் தொகுத்து அடைவு வெளியிட்ட பின்னரும், அதைப் படித்துக்காட்டுவோருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த பின்னரும், எல்லோரும் ஏற்கும்படி இன்னும் படிக்கப்படவில்லை. ஓடு, பருப்பு, வழி என்ற மூன்றும் இரண்டிலும் தெளிவாக இருப்பதால் இரண்டுமே ‘ஹார்ட் நட்’. ஒன்று பிளந்துவிட்டது, மற்றது பிளக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இப்போது பொருந்தாத ஒன்று. நூறு நெல் மூட்டைகளை மாடிக்கு ஏற்ற வேண்டும் என்பது முதுகை ஒடிக்கும் வேலைதான். ஆனால் அங்கே கண்டுபிடிக்க வேண்டிய வழி எதுவும் இல்லை, ஒவ்வொன்றாகத் தூக்கினால் முடியும். ஆகவே அதற்கு இத்தொடர் ஒவ்வாது. அதிகாலை நான்கு மணிக்கு எழுவதற்கும் ஒவ்வாது. ஒரு மாணவர் தினமும் பேருந்தில் நின்றுகொண்டே வருவதை ‘ஹார்ட் நட் டு கிராக்’ என்று கட்டுரையில் எழுதியிருந்தார். துன்பம் உண்மை, தொடர் தவறு.

4. எவற்றுக்கெல்லாம் இத்தொடர் செல்லும் என்று அறிந்துகொள்ளுங்கள்

முதற்பயன்பாடு புதிர், கணக்கு, துப்பு, சங்கேதம் முதலியவற்றுக்கு. பியேர் த ஃபெர்மா 1637 வாக்கில் புத்தக ஓரத்தில் குறித்துவைத்த தேற்றம் 1994இல் ஆண்ட்ரூ வைல்ஸ் அதன் நிரூபணத்தை நிறைவு செய்யும்வரை கணிதவியலாளர்களுக்கு அத்தகைய காயாகவே இருந்தது. இந்த வகையில் புதியவர்கள் அதிகம் தவறுவதில்லை.

இரண்டாவது, மனிதர்களுக்கு. எளிதில் மனம் திறக்காதவர், எந்தச் சமாதானத்துக்கும் இணங்காதவர், விசாரணையில் வாய் திறக்காதவர் ஆகியோரை இவ்வாறு சொல்வதுண்டு. இங்கும் உள்ளே ஒன்று இருக்கிறது: அவர் மனத்திலுள்ள எண்ணம், அல்லது அவருடைய சம்மதம். வெறும் முன்கோபக்காரரைச் சொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாது. அவர் மனத்தில் இருப்பதுதான் ஏற்கெனவே வெளியே கொட்டிவிட்டதே.

மூன்றாவது, நுழைவதற்குக் கடினமான சந்தை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று புதிய நாட்டில் காலூன்ற முடியாமல் திணறும்போது வணிகச் செய்திகளில் இத்தொடர் வரும். நான்காவது, எளிதில் வீழாத எதிராளி. 2001 மார்ச்சில் கொல்கத்தா டெஸ்ட்டின் நான்காம் நாள் முழுவதும் லக்ஷ்மணும் டிராவிடும் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர்களுக்கு ஒரு விக்கெட்டும் கொடுக்காமல் நின்றார்கள். அப்படிப்பட்ட மட்டையாளரைக் கிரிக்கெட் எழுத்தில் ‘டஃப் நட் டு கிராக்’ என்பது வழக்கம்.

5. சட்டகத்தை அப்படியே வைத்து, அசையும் பகுதிகளை மட்டும் அசையுங்கள்

‘நட்’, ‘டு கிராக்’ ஆகிய இரண்டும் அசையாதவை. ‘கிராக்’ இருந்த இடத்தில் ‘பிரேக்’ வைப்பதே நான் அதிகம் திருத்திய பிழை. தமிழில் இரண்டுக்கும் ‘உடை’ என்ற ஒரே வினை போதுமென்பதால் கை தானாக அங்கே போகிறது. ‘ஹார்ட்’ இடத்தில் ‘டஃப்’ வரலாம், இரண்டும் சமமாகச் சரி. ‘ஸ்ட்ராங்’ வராது. ‘டிஃபிகல்ட்’ சில இடங்களில் தென்பட்டாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது.

தொடக்கத்தில் உள்ள ‘எ’ என்ற சிறு சொல்லை விட்டுவிடாதீர்கள். தமிழில் ‘அது இரும்புக் கடலை’ என்று ‘ஒரு’ இல்லாமலேயே நிறைவாகச் சொல்ல முடிவதால், ‘இட் இஸ் ஹார்ட் நட் டு கிராக்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலக் காதுக்கு அது பல் விழுந்த சொல்போல ஒலிக்கும். எழுவாய் பன்மையானால் ‘எ’ போய், ‘நட்’ பன்மையாகும்: ‘தீஸ் கேசஸ் ஆர் ஹார்ட் நட்ஸ் டு கிராக்’. பெஞ்சமின் ஃபிராங்க்லின் 1745இல் தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், லூயிபர்க் கோட்டையைத் தாக்கப் புறப்பட்டவர்களைக் குறித்து, அரண் சூழ்ந்த ஊர்கள் உடைக்கக் கடினமான காய்கள் என்றும் உங்கள் பற்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றும் பன்மையில்தான் எழுதினார். காயைப் பல்லால் கடித்து உடைக்கும் காட்சி அதில் இருப்பதையும் கவனியுங்கள்.

கடைசியில் ‘இட்’ சேர்க்காதீர்கள். ‘எ ஹார்ட் நட் டு கிராக் இட்’ என்பது தவறு, ஏனெனில் உடைக்கப்படும் பொருள் முன்னாலேயே ‘நட்’ என்று வந்துவிட்டது. ‘டு பி கிராக்ட்’ என்று செயப்பாட்டு வினையாக்குவதும் வேண்டாம். இலக்கணம் தெரிந்த மாணவர்கள்தான் இந்தப் பிழையைச் செய்கிறார்கள்: காய் தன்னை உடைத்துக்கொள்வதில்லை, பிறரால் உடைக்கப்படுகிறது, ஆகவே செயப்பாட்டு வினை வேண்டும் என்பது அவர்கள் வாதம். வாதம் சரி, ஆனால் ‘வாட்டர் டு டிரிங்க்’ என்பதில் தண்ணீர் குடிக்கப்படுவதை ஆங்கிலம் எப்படிச் செய்வினையாலேயே சொல்லிவிடுகிறதோ, அப்படித்தான் இங்கும்.

யாருக்குக் கடினம் என்று சொல்ல வேண்டுமானால் ‘நட்’டுக்கும் ‘டு’வுக்கும் இடையில் நுழையுங்கள்: ‘எ டஃப் நட் ஃபார் த போலீஸ் டு கிராக்’. காவல்துறையைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாலும் புரியும், ஆனால் முதல் அமைப்பில் யார் உடைப்பவர் என்பது ஐயமின்றி நிற்கிறது.

இந்தப் படியில் இன்னும் ஒரு பிழை இருக்கிறது. படித்தவர்களின் எழுத்திலும் அது வருவதால் சற்று நிதானிக்க வேண்டும். ‘சால்விங் திஸ் ப்ராப்ளம் இஸ் எ ஹார்ட் நட் டு கிராக்’ என்ற வாக்கியத்தில் எது காய்? தீர்க்கும் செயலே காய் என்று வாக்கியம் சொல்கிறது. ஆனால் தீர்ப்பது என்பதுதான் உடைப்பது. அப்படியானால் உடைப்பதை உடைக்கக் கடினம் என்று எழுதியிருக்கிறோம். ‘சால்விங்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘திஸ் ப்ராப்ளம்’ என்று தொடங்கினால் வாக்கியம் நேராகிவிடும்.

6. காலத்தை முன்வினையில் காட்டுங்கள்

காலம் மாறும்போது ‘டு கிராக்’ மாறாது, அதற்கு முன்னுள்ள வினையே மாறும். ‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஹேஸ் புரூவ்ட்’ ஆகிய மூன்றும் கைவந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். சிந்துவெளி எழுத்தைப் பற்றி எழுதும்போது ‘ஹேஸ் புரூவ்ட்’ என்பதும், வென்ட்ரிஸுக்கு முந்தைய லீனியர் பி பற்றி எழுதும்போது ‘வாஸ்’ என்பதும் பொருந்தும்.

விடை கிடைத்த பிறகு ‘கிராக்’ தனியே நிற்கலாம்: ‘வி ஹேவ் கிராக்ட் இட்’. நம் நாட்டில் நீட், ஜேஇஇ முதலிய தேர்வுகளில் வென்றதையும் ‘கிராக்’ செய்ததாகச் சொல்கிறோம். இந்திய ஆங்கிலத்தில் இது நிலைபெற்ற வழக்கு, வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்துக்காரருக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் ‘பாஸ்’ என்று எழுதினால் ஐயத்துக்கு இடமிருக்காது.

7. அக்கம்பக்கத்துத் தொடர்களிலிருந்து பிரித்துக்கொள்ளுங்கள்

பணியாளர் தேர்வாணையத்தின் போட்டித் தேர்வுகளில் மரபுத்தொடர்களுக்குப் பொருள் கேட்கும் வினாக்கள் உண்டு. அத்தகைய வினாக்களில் கண்ணி பெரும்பாலும் பக்கத்துப் பொருளில் இருக்கும். ஒருவர் நம்மிடம் கேட்டதே அளவுக்கு மிஞ்சியது என்றால் ‘எ டால் ஆர்டர்’. மூன்று நாளில் முந்நூறு பக்கம் மொழிபெயர்த்துத் தரச் சொல்வது அந்த வகை. தடை தொடர்ந்து எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தால் ‘ஆன் அப்ஹில் டாஸ்க்’. அதில் பருப்பு இல்லை, ஏற்றம் மட்டும் உண்டு. உழைப்பின் பிரம்மாண்டத்தைச் சொல்ல ‘எ ஹெர்குலியன் டாஸ்க்’. நம்முடைய பகீரதப் பிரயத்தனம் அதற்கு நல்ல இணை.

மிகவும் குழப்புவது ‘எ ஸ்லெட்ஜ்ஹேமர் டு கிராக் எ நட்’. இதிலும் நட் உண்டு, கிராக் உண்டு. ஆனால் இங்கே காய் அற்பமானது. அதை உடைக்கச் சம்மட்டியைத் தூக்கியதைத்தான் இத்தொடர் கேலி செய்கிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல என்று நாம் சொல்லும் இடத்துக்கு அருகில் வரும். சம்மட்டி என்ற சொல்லைக் கண்டவுடன் பொருள் தலைகீழாகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

8. இடமறிந்து பயன்படுத்துங்கள்

உரையாடல், செய்திக் கட்டுரை, விளையாட்டு விமர்சனம், நண்பருக்கு எழுதும் மின்னஞ்சல் ஆகியவற்றில் தயங்காமல் கையாளலாம். நீதிமன்ற மனு, ஆய்வுக் கட்டுரை, அரசு அலுவலகத்துக்கான விண்ணப்பம் ஆகியவற்றில் வேண்டாம். அங்கே பிரச்சினை கடினமானது என்று நேராக எழுதுவதே மதிப்பு.

மனிதரைப் பற்றிச் சொல்லும்போது ‘டு கிராக்’கை உதிர்த்துவிடாதீர்கள். ‘டஃப் நட்’ என்று நிறுத்தினால் முரட்டு ஆசாமி என்ற பொருள் தலைதூக்கும். ‘ஹி இஸ் எ நட்’ என்று இன்னும் சுருக்கினால் மனநிலை பிசகியவர் என்றே ஆகிவிடும். மேலதிகாரியைப் பாராட்டுவதாக எண்ணி இப்படிச் சுருக்கி எழுதிய வாழ்த்து மடல் ஒன்றை அனுப்புவதற்கு முன்பே பார்த்துத் தடுக்க முடிந்தது என் நல்வாய்ப்பு.

9. தமிழாக்கத்தைக் கடைசியில் செய்யுங்கள்

புதியவர்கள் முதலில் செய்யும் இந்த வேலையை நான் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. தமிழில் பிரச்சினை என்பது காயன்று, முடிச்சு. ‘சிக்கல்’ என்ற சொல்லே நூல் சிக்கிக்கொண்டதைக் குறிப்பது. நாம் சிக்கலை அவிழ்க்கிறோம், விடுகதையை விடுவிக்கிறோம். ‘உடை’ என்ற வினையோ நம்மிடம் ரகசியத்தை வெளியிடும் பக்கம் சாய்கிறது. ‘குட்டு உடைந்தது’ என்றால் குற்றம் அம்பலமானது என்று பொருள். பிரச்சினை தீராதபோது நாம் உடைத்துக்கொள்வது மண்டையை. ஆகவே ‘உடைக்கக் கடினமான கொட்டை’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ் வாசகருக்கு எதுவும் போய்ச் சேராது. வகுப்பில் சிரிப்பு மட்டும் எழும், அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

பலரும் உடனே கைநீட்டும் இணை ‘இரும்புக் கடலை’. ‘கணக்கு எனக்கு இரும்புக் கடலை’ என்னும் வகை வாக்கியங்களில் அது அழகாகவே பொருந்தும். பல்லால் கடிக்கும் காட்சியும் ஒத்துப்போகிறது. ஆனால் இரும்புக் கடலைக்குள் பருப்பு கிடையாது, அதை யாரும் மென்று முடிப்பதில்லை. எனவே இறுதியில் துப்பு துலங்கிய வழக்கைப் பற்றிய செய்தியில் அதைப் பயன்படுத்த மாட்டேன். அங்கே ‘எளிதில் அவிழாத முடிச்சு’ என்பேன். மனிதருக்கு ‘லேசில் பிடிகொடுக்காதவர்’, சந்தைக்கு ‘காலூன்றக் கடினமான இடம்’ என்று ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி மாற்றுங்கள்.

‘கல்லில் நார் உரிப்பது’, ‘குதிரைக் கொம்பு’ ஆகிய இரண்டையும் இதற்கு இணையாக்க வேண்டாம். கல்லில் நார் இல்லை, குதிரைக்குக் கொம்பு இல்லை. அவை நடவாததையோ கிடைக்காததையோ சொல்பவை. காயிலோ பருப்பு இருக்கிறது என்ற நம்பிக்கை தொடருக்குள்ளேயே உண்டு. கணக்கை ‘வேப்பங்காய்’ என்பதும் வேறு: கசப்பு விருப்பமின்மையைச் சொல்கிறது, கடினத்தை அன்று.

10. மூன்று வாக்கியங்கள் எழுதிச் சரிபாருங்கள்

ஒரு புதிரைப் பற்றி நிகழ்காலத்தில் ஒன்று, ஒரு மனிதரைப் பற்றி இறந்தகாலத்தில் ஒன்று, பன்மை எழுவாயுடன் ஒன்று என மூன்று வாக்கியங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் காய் எது, ஓடு எது, பருப்பு எது என்று பக்கத்தில் தமிழில் குறியுங்கள். பருப்புக்கு நேரே எழுத எதுவும் கிடைக்கவில்லையென்றால் அந்த வாக்கியத்துக்கு ஏழாம் படியிலிருந்து வேறு தொடரைத் தேடுங்கள். அதன்பின் ‘எ’ இருக்கிறதா, ‘இட்’ இல்லையா, எழுவாயில் ‘சால்விங்’ நுழைந்துவிட்டதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, நீங்கள் செய்தித்தாளிலிருந்து எடுத்தெழுதிய வாக்கியங்களோடு ஒப்பிடுங்கள். அந்தச் செய்தித்தாள் வாக்கியங்களிலேயே ‘சால்விங்’ பிழை அகப்பட்டாலும் வியக்க வேண்டாம். அதையும் திருத்தி எழுதிவையுங்கள்.